மூன்றும் ஒன்றாக எரிய வேண்டும்: கொத்து மோட்டார் மாதிரி ராக்கெட்

ஒரே ராக்கெட்டின் அடியில் இரண்டு, மூன்று அல்லது அதற்கும் மேற்பட்ட மோட்டார்களை அருகருகே பொருத்தி, எல்லாவற்றையும் ஒன்றாகப் பற்றவைத்து ஏவுவது கொத்து முறை. அடுக்கு முறை இதிலிருந்து வேறானது. அடுக்கு ராக்கெட்டில் கீழ் அடுக்கு எரிந்து தீர்ந்த பிறகுதான் மேல் அடுக்கு தன் வேலையைத் தொடங்கும். கொத்து ராக்கெட்டில் முன்பின் கிடையாது. எல்லா மோட்டார்களும் ஒரே கணத்தில் எரியத் தொடங்கி, ஏறக்குறைய ஒரே கணத்தில் ஓய வேண்டும். பெரிய மோட்டார் கிடைக்காத இடத்திலும், கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாத இடத்திலும், கையில் இருக்கும் சிறிய மோட்டார்களைச் சேர்த்தே பெரிய உந்துவிசையைப் பெற இது வழி செய்கிறது. பொழுதுபோக்காக மாதிரி ராக்கெட் செய்பவர்களுக்கும் சரி, விண்வெளி நிறுவனங்களுக்கும் சரி, கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கணக்கின் லாபத்தையும் ஆபத்தையும் இந்தியாவின் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் தன் தொடக்க ஆண்டுகளிலேயே காட்டிவிட்டது. அதன் முதல் கட்டத்தில் நடுவில் ஒரு திட எரிபொருள் மோட்டார்; அதைச் சுற்றி நான்கு திரவ எரிபொருள் எஞ்சின்கள். கொத்தாக எரிவது அந்த நான்கும்தான்; நான்கும் விகாஸ் வகையைச் சேர்ந்தவை. அவ்வகை எஞ்சின்களைச் சோதிக்கும் இடம் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரி. ஏவும்போது முதலில் சுற்றியுள்ள நான்கும் பற்றும். அவை முழு அழுத்தத்துக்கு வந்துவிட்டனவா என்று கணினி ஐந்து வினாடிக்கும் குறைவான நேரத்தில் சரிபார்க்கும். நான்கும் சரி என்றால்தான் நடு மோட்டாருக்குத் தீ போகும். 2001 மார்ச் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் முதல் ஜி.எஸ்.எல்.வி. நின்றிருந்தபோது, நான்கில் ஒன்று போதிய உந்துவிசை தரவில்லை. ராக்கெட் மேலெழ ஒரு வினாடி இருக்கையில் கணினி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. குறை சரிசெய்யப்பட்டு, அதே ராக்கெட் ஏப்ரல் 18 அன்று பறந்தது.

2006 ஜூலை 10 அன்று அந்த நல்ல வாய்ப்பு கிட்டவில்லை. இன்சாட்-4சி செயற்கைக்கோளைச் சுமந்த ஜி.எஸ்.எல்.வி.-எஃப்02 தரையை விட்ட மறுகணமே நான்கு எஞ்சின்களில் ஒன்று அழுத்தத்தை இழந்தது. மிச்சமிருந்த உந்துவிசை ஒரு பக்கமாகச் சாய்ந்ததை ராக்கெட்டின் கட்டுப்பாட்டு அமைப்பு கொஞ்ச நேரம் ஈடுகட்டியது; பிறகு முடியவில்லை. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் ராக்கெட் பாதை மாறி வங்கக் கடலுக்கு மேலே சிதறியது. உந்துவிசையைச் சீராக்கும் ஒரு சிறிய உறுப்பின் தயாரிப்பில் நேர்ந்த பிழையே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. கொத்து ராக்கெட்டைப் பற்றி அறிய வேண்டிய முதல் பாடம் இது. எத்தனை மோட்டார் என்பது பெரிய விஷயமே அல்ல; அத்தனையும் ஒன்றுபோல வேலை செய்கின்றனவா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உலக அனுபவமும் இதையே சொல்கிறது. நிலவுக்குப் போகச் சோவியத் ஒன்றியம் கட்டிய என்-1 ராக்கெட்டின் முதல் கட்டத்தில் 30 எஞ்சின்கள் இருந்தன. ஓர் எஞ்சின் நின்றால், சமநிலைக்காக அதற்கு நேர் எதிரே உள்ள எஞ்சினையும் நிறுத்தும் ஏற்பாடு அதில் இருந்தது. ஆனாலும் 1969-க்கும் 1972-க்கும் இடையில் ஏவப்பட்ட நான்கும் தோற்றன. மாறாக, ஒன்பது எஞ்சின் கொண்ட ஃபால்கன்-9, 2012 அக்டோபரில் ஓர் எஞ்சினை நடுவழியில் இழந்தும், சரக்குக் கலத்தைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் பிறந்த அக்னிகுல் நிறுவனத்தின் அக்னிபான் ராக்கெட்டும் முதல் கட்டத்தில் ஏழு எஞ்சின்கள் வரை பொருத்தும்படி வடிவமைக்கப்பட்டதே. அந்த நிறுவனம் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய சோதனை ராக்கெட்டில் ஒரே ஓர் எஞ்சின்தான் இருந்தது. ஒன்றைச் சரியாக ஓட்டிக் காட்டிய பிறகு கொத்துக்குப் போவது என்ற அந்த வரிசை, மாதிரி ராக்கெட் செய்பவர்களும் பின்பற்ற வேண்டிய வரிசை.

மாதிரி ராக்கெட் என்ற பொழுதுபோக்கு அமெரிக்காவில் 1950-களில் உருவானது. நெப்ராஸ்கா மாநிலத்தில் காலணிக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல், தன் சகோதரருடன் சேர்ந்து 1954-இல் காகிதக் குழலும் கருமருந்து மோட்டாரும் பாராசூட்டும் கொண்ட சிறிய ராக்கெட்டை வடிவமைத்தார். ஏவுகணைத் தளத்தில் பணிபுரிந்த ஹாரி ஸ்டைன், சிறுவர்கள் உலோகக் குழாய்களில் வேதிப்பொருளை அடைத்து விரலையும் கண்ணையும் இழப்பதைப் பற்றி 1957-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்த கார்லைல் தன் ராக்கெட்டை அவருக்கு அனுப்ப, இருவரின் தொடர்பிலிருந்து ஒரு தொழிலும் ஒரு சங்கமும் பிறந்தன. அடுத்த சில ஆண்டுகளில் வெர்னன் எஸ்டஸ் மோட்டார்களை இயந்திரத்தில் அடித்துத் தயாரிக்கத் தொடங்கினார். பாதுகாப்புக்கான அடிப்படை விதி அன்றே எழுதப்பட்டுவிட்டது: ராக்கெட்டை யார் வேண்டுமானாலும் செய்யலாம், மோட்டாரைத் தொழிற்சாலைதான் செய்ய வேண்டும். இந்த ஒரு விதியில் விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை. வீட்டில் மருந்து கலக்குவதும், பட்டாசைப் பிரித்து மருந்து எடுப்பதும் மாதிரி ராக்கெட் கலையில் சேராது.

தொழிற்சாலை மோட்டாரை நெடுக்காக வெட்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது எளிய அமைப்பு. கெட்டியான காகிதக் குழல். அதன் அடியில் அழுத்தி அடைத்த களிமண். களிமண்ணின் நடுவில் சிறு துளை. இந்தத் துளைதான் நாசில். அதற்கு மேலே இறுக்கிய கருமருந்து, அதன்மேல் மெதுவாக எரிந்து புகை விடும் தாமத மருந்து, உச்சியில் பாராசூட்டை வெளியே தள்ளும் சிறிதளவு மருந்து. நாசில் துளையின் அளவுதான் உள்ளே எவ்வளவு அழுத்தம் சேரும், எவ்வளவு உந்துவிசை வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. துளை அரித்துப் பெரிதானால் அழுத்தம் குறையும். மண் விரிசல் கண்டால் மோட்டார் கெடும். ஒன்றரை, இரண்டு வினாடி மட்டுமே எரிவதால் சுடாத களிமண்ணே இந்த வெப்பத்தைத் தாங்கிவிடுகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் எரியும் பெரிய திட எரிபொருள் மோட்டார்களுக்கு இது போதாது. அங்கே கரி இழையும் பிசினும் சேர்ந்த பொருள்கள் வேண்டும்.

மண்ணுக்கும் நெருப்புக்கும் உள்ள இந்த உறவைக் கடலூர் மாவட்டத்தின் திட்டக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ள விருத்தாசலம், செராமிக் தொழிலுக்குப் பேர்போன ஊர். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண் பக்கத்திலேயே கிடைப்பது அந்தத் தொழிலுக்குப் பெரிய பலம். பொம்மை, அகல்விளக்கு, மின்சார பியூஸ் கேரியர் என்று அங்கே சூளையிலிருந்து வெளிவரும் ஒவ்வொன்றும் ஒரே கேள்விக்கான பதில்தான்: எந்த மண்ணை எவ்வளவு அழுத்தினால், எவ்வளவு சூட்டில் விரிசல் விடாமல் நிற்கும்? நாசில் செய்பவரும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார். பீங்கான் தொழில்நுட்பம் படிக்கும் அந்த வட்டார மாணவர்கள் ராக்கெட்டைத் தமக்குத் தொலைவான துறையாக எண்ண வேண்டியதே இல்லை.

மோட்டாரின் உறையில் அச்சிட்டிருக்கும் குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. டி12-5 என்ற மோட்டாரை எடுத்துக்கொள்ளலாம். முதல் எழுத்து மொத்தக் கணத்தாக்கின் அளவு. அதாவது உந்துவிசையையும் அது நீடிக்கும் நேரத்தையும் பெருக்கிய தொகை. ஒவ்வோர் எழுத்தும் முந்தையதைப்போல இரு மடங்கு: சி என்றால் 10 நியூட்டன்-வினாடி வரை, டி என்றால் 20 வரை, இ என்றால் 40 வரை, எஃப் என்றால் 80 வரை. அடுத்து வரும் 12 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி 5 என்பது எரிந்து முடிந்ததிலிருந்து பாராசூட் மருந்து வெடிக்கும் வரை கழியும் வினாடிகள். டி12 மோட்டாரின் விட்டம் 24 மி.மீ., நீளம் 70 மி.மீ.; உண்மையில் அது தரும் மொத்தக் கணத்தாக்கு ஏறத்தாழ 17 நியூட்டன்-வினாடி.

மூன்று டி12 சேர்ந்தால் கணத்தாக்கு 51-ஐத் தொடும். அதாவது மூன்று டி மோட்டார் பொருத்திய ராக்கெட், பாதுகாப்புக் கணக்கில் எஃப் வகை ராக்கெட். கொத்து கட்டும் புதியவர்கள் இதைத்தான் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். சிறிய மோட்டார்தானே என்று சிறிய மைதானத்தில் வைத்து ஏவுவது தவறு. அமெரிக்கத் தேசிய ராக்கெட் சங்கத்தின் விதிப்படி டி வகைக்குச் சுமார் 150 மீட்டர் அகலத் திடல் போதும். எஃப் வகைக்கு 300 மீட்டருக்கு மேல் வேண்டும். மாதிரி ராக்கெட் என்ற பெயருக்கே அந்த விதிகள் எல்லை வைத்திருக்கின்றன: மொத்த எடை 1,500 கிராமுக்கும், எரிபொருள் 125 கிராமுக்கும், கணத்தாக்கு 320 நியூட்டன்-வினாடிக்கும் மேல் போகக் கூடாது.

எடைக் கணக்கு எளிது. ராக்கெட்டின் எடையைப்போல உந்துவிசை குறைந்தது ஐந்து மடங்கு இருக்க வேண்டும். மோட்டார்களோடு சேர்த்து அரைக் கிலோ உள்ள ராக்கெட்டின் எடை விசை சுமார் 4.9 நியூட்டன். மூன்று டி12 தருவது 36 நியூட்டன். ஏழு மடங்குக்கு மேல். ஒன்று பற்றாமல் போனால் 24. அப்போதும் ஏறத்தாழ ஐந்து மடங்கு இருக்கும். நல்ல கொத்து ராக்கெட்டை இப்படித்தான் திட்டமிட வேண்டும்: ஒரு மோட்டார் ஏமாற்றினாலும் மிச்சமுள்ளவை அதை நேராகத் தூக்கிச் செல்லும் அளவுக்கு எடை குறைவாக இருக்க வேண்டும். மூன்றும் எரிந்தால் மட்டுமே எழும் ராக்கெட்டை ஏவவே கூடாது.

எடைக்கு அடுத்தது சமநிலை. ஒரு பக்க வடத்தை மட்டும் இழுத்தால் தேர் திரும்பிவிடுவதுபோல, ஒரு மோட்டார் எரியாவிட்டால் ராக்கெட் திரும்பும். எவ்வளவு திரும்பும் என்பதைக் கணக்கிட்டே சொல்லலாம். 25 மி.மீ. வெளிவிட்டமுள்ள மூன்று குழல்களை முக்கோணமாக ஒட்டி வைத்தால், ஒவ்வொன்றின் மையமும் ராக்கெட்டின் நடு அச்சிலிருந்து 14 மி.மீ. தள்ளி இருக்கும். ஒன்று பற்றாவிட்டால் மற்ற இரண்டின் கூட்டு விசை அச்சிலிருந்து 7 மி.மீ. விலகிச் செயல்படும். 24 நியூட்டன், 7 மி.மீ.: திருப்புத்திறன் சுமார் 0.17 நியூட்டன்-மீட்டர். அழகுக்காக மோட்டார்களை அகலமாகப் பரப்பி, மையத்திலிருந்து 40 மி.மீ. தள்ளி வைத்தால் இதே திருப்புத்திறன் 0.48 ஆகிவிடும், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆகவே மோட்டார்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதே சிறந்த வடிவம். சில வடிவமைப்பாளர்கள் வெளிமோட்டார்களைச் சற்றே சாய்த்து, ஒவ்வொன்றின் விசைக்கோடும் ராக்கெட்டின் ஈர்ப்பு மையத்தின் வழியாகவே போகும்படி செய்வார்கள். விசை ஈர்ப்பு மையத்தின் வழியாகப் போனால் ராக்கெட் பக்கவாட்டில் நகருமே தவிரச் சுழலாது. அதற்குக் கோணம் பிசகாமல் ஒட்டும் கை வேண்டும்; முதல் கொத்துக்கு இது வேண்டாம்.

கட்டும் வேலை மோட்டார் கூட்டிலிருந்து தொடங்குகிறது. முக்கோணமாக ஒட்டிய மூன்று குழல்களும் சுமார் 54 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கும். ஆகவே 56 மி.மீ. உள்விட்டமுள்ள உடற்குழலில் அவை நெருக்கமாகவும், 65 மி.மீ. குழலில் வளையங்களின் துணையோடும் உட்காரும். மூன்று துளையிட்ட பிளைவுட் வட்டுகள் இரண்டு, ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும், குழல்களைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு குழலுக்குள்ளும் மோட்டார் முன்னோக்கி நழுவாதபடி தடுப்பு வளையமும், பின்னோக்கி எகிறாதபடி கம்பிக் கொக்கியும் வேண்டும்.

அடுத்த வேலை சிறியது. ஆனால் கொத்து ராக்கெட்டுகள் தரையில் வந்து மோதுவதற்கு இதைச் செய்யாமல் விடுவது ஒரு முக்கியக் காரணம். மூன்று குழல்களுக்கு நடுவிலும், அவற்றுக்கும் உடற்குழலுக்கும் இடையிலும் இடுக்குகள் இருக்கும். அவற்றை முழுக்க அடைத்தாக வேண்டும். பாராசூட்டைத் தள்ள வேண்டிய வாயு இந்த இடுக்குகள் வழியே பின்பக்கம் கசிந்துவிட்டால், மூக்குக்கூம்பு கழலாது. பாராசூட் உள்ளேயே இருக்க, ராக்கெட் குத்திட்டு விழும். டிஷ்யூ காகிதத்தை ஃபெவிகாலில் நனைத்துத் திணித்தோ, அரால்டைட் ஊற்றியோ அடைக்கலாம். காய்ந்த பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஊசிமுனை அளவு ஒளி தெரிந்தாலும் அடைப்பு போதவில்லை என்றே பொருள்.

மூன்று மோட்டார்கள் பின்பக்கத்தில் 130 கிராம் அளவுக்கு எடை சேர்ப்பதால் ஈர்ப்பு மையம் பின்னோக்கி இறங்கும். அழுத்த மையம், அதாவது காற்றின் விசை கூடித் தாக்கும் இடம், ஈர்ப்பு மையத்துக்குக் குறைந்தது ஓர் உடல்விட்டம் பின்னால் இருந்தால்தான் ராக்கெட் நேராகப் பறக்கும். 1966-இல் ஜேம்ஸ் பாரோமன் வகுத்த சூத்திரங்களைக் கொண்டு அழுத்த மையத்தைத் தாளிலேயே கணக்கிடலாம். இலவசக் கணினி நிரல்களும் உண்டு. தீர்வு இரண்டு: வால் துடுப்புகளைப் பெரிதாக்குவது, மூக்குக்கூம்பில் களிமண்ணோ எம்-சீலோ வைத்து எடை கூட்டுவது. கொத்து ராக்கெட்டுக்கு இரண்டையும் செய்வது நல்லது. ஒரு மோட்டார் பற்றாவிட்டால் திருப்புத்திறனை எதிர்க்க அந்தத் துடுப்புகளைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஜி.எஸ்.எல்.வி.-யில் எஞ்சினைச் சாய்த்துப் பாதையைத் திருத்தக் கணினி இருந்தது. காகித ராக்கெட்டில் அது கிடையாது. கட்டி முடித்ததும், மோட்டார்களைப் பொருத்திய நிலையில் ஈர்ப்பு மையத்தில் நூல் கட்டி, ராக்கெட்டைத் தலைக்கு மேலே சுழற்றிப் பார்ப்பது பழைய, நம்பகமான சோதனை. மூக்கு முன்னோக்கியே சுற்றினால் நிலைத்தன்மை இருக்கிறது. புரண்டால் இன்னும் எடை வேண்டும்.

இனி தீ. ஒவ்வொரு மோட்டாரின் நாசில் துளைக்குள்ளும் ஓர் இக்னைட்டர் செல்லும்: மெல்லிய நிக்ரோம் போன்ற கம்பி, அதன் முனையில் எளிதில் பற்றும் பூச்சு. மின்சாரம் பாய்ந்தால் கம்பி பழுத்துப் பூச்சு பற்றி, மோட்டார் எரியத் தொடங்கும். முனை கருமருந்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஒரு மி.மீ. இடைவெளி கூடத் தாமதத்தை உண்டாக்கும். இதற்கு விசையைவிடப் பொறுமைதான் தேவை.

இக்னைட்டர்களை எப்படி இணைப்பது என்பதில் பள்ளி இயற்பியல் நேரே வேலைக்கு வருகிறது. தொடர் இணைப்பில் மூன்றையும் கோத்தால், முதலில் எரிந்து அறுந்த கம்பி சுற்றையே துண்டித்துவிடும். மற்ற இரண்டும் குளிர்ந்துபோகும். பக்க இணைப்பில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதை இருப்பதால், ஒன்று அறுந்தாலும் மற்றவற்றுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே கொத்துக்குப் பக்க இணைப்பு மட்டுமே சரி. ஆனால் மின்னோட்டம் கூடுதலாக வேண்டும். இக்னைட்டர் ஒன்றுக்கு 2 ஆம்பியர் என்று வைத்தால் மூன்றுக்கு 6. ஒற்றை மோட்டார் கிட்டுடன் வரும் சிறிய பேட்டரிப் பெட்டி இதற்குத் திணறும்; 12 வோல்ட் பைக் பேட்டரி எளிதாகத் தரும். கம்பி தடிமனாக இருக்க வேண்டும், முதலைக் கிளிப்புகளின் பற்கள் கரி நீங்கத் தேய்த்துச் சுத்தமாக இருக்க வேண்டும். துருப்பிடித்த ஒரு கிளிப் போதும், மூன்றில் ஒன்றைப் பின்தங்க வைக்க.

மோட்டார் எண்ணிக்கை கூடக் கூட நம்பகத்தன்மை எப்படிச் சரிகிறது என்பதற்கு ஓர் எளிய கணக்கு. ஓர் இக்னைட்டர் நூற்றுக்கு 95 முறை பற்றும் என்று கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒன்றாகப் பற்றுவது நூற்றுக்கு 86 முறைதான். ஏழு மோட்டார் என்றால் 70. அதையே 99 ஆக உயர்த்தினால், மூன்று மோட்டார்க் கொத்து 97-ஐத் தொடும். மோட்டாரைக் கூட்டுவதற்கு முன் ஒவ்வோர் இணைப்பையும் செம்மையாக்குவதே அறிவுடைமை. கருமருந்து மோட்டார்கள் எளிதில் பற்றுவதால் கொத்துக்கு ஏற்றவை. கலவைத் திட எரிபொருள் மோட்டார்கள் அழுத்தம் சேர்ந்து எழ அதிக நேரம் எடுக்கும். அந்த நேரமும் ஒன்றுக்கொன்று மாறும். புதியவர்கள் அவற்றைக் கொத்தாகக் கட்டாமல் இருப்பது நல்லது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும். 2001-இல் ஜி.எஸ்.எல்.வி.-யின் கணினி செய்ததைத் திட எரிபொருள் மோட்டாரில் செய்ய முடியாது. திட மோட்டார் பற்றிவிட்டால் அணைக்க வழியில்லை. பி.எஸ்.எல்.வி.-யில் சுற்றியுள்ள ஆறு திட மோட்டார்களில் நான்கு தரையிலும், மற்ற இரண்டு பறக்கத் தொடங்கி 25 வினாடி கழித்து வானிலும் பற்றும். அவற்றை நிறுத்தும் பொத்தான் எதுவும் கிடையாது. மாதிரி ராக்கெட்டும் அதே வகை. சரிபார்ப்பு எல்லாம் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஏவும் நாளுக்கு இடமும் காற்றும் முக்கியம். கனமான கொத்து ராக்கெட்டுக்கு 6 மி.மீ. தடிமனுள்ள எஃகுக் கம்பி வழிகாட்டியாக வேண்டும். கம்பியை விட்டு நீங்கும்போது வேகம் வினாடிக்குச் சுமார் 13 மீட்டர் இருந்தால்தான் துடுப்புகளுக்குக் காற்றின் பிடி கிடைக்கும். மேலே சொன்ன அரைக் கிலோ ராக்கெட்டுக்கு அதற்கு ஒன்றரை மீட்டர் கம்பி போதும். கம்பியின் அடியில் தீயைச் சிதறடிக்கும் தகடும், சுற்றிலும் காய்ந்த புல்லோ வைக்கோலோ இல்லாத தரையும் வேண்டும். ஏவுபவர் குறைந்தது 9 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பார்வையாளர்கள் இன்னும் தள்ளி. காற்று மணிக்கு 32 கி.மீ.க்கு மேல் வீசினால் அன்று ஏவுதல் இல்லை.

200 மீட்டர் உயரத்தில் 60 செ.மீ. பாராசூட் விரிந்தால், அரைக் கிலோ ராக்கெட் வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இறங்கி, அரை நிமிடத்துக்கு மேல் வானில் இருக்கும். அதற்குள் வினாடிக்கு 5 மீட்டர் காற்று அதை 165 மீட்டர் தூக்கிப் போய்விடும். திட்டக்குடியைச் சுற்றி அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடும், கோடையில் வெள்ளாற்று மணலும் அகலத்துக்குக் குறைவில்லாதவை. ஆனால் அறுத்த தாள் தீப்பிடிக்கும். பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பிகள் எங்கும் குறுக்கிடும். மின்கம்பியில் சிக்கிய ராக்கெட்டை எடுக்க ஒருபோதும் முயலக் கூடாது. ஆடிக் காற்றுக் காலம் இதற்கு ஆகாது. மாசி, பங்குனி மாதங்களின் விடிகாலையே ஏற்றது.

பொத்தானை அழுத்தியும் எதுவும் நடக்கவில்லை என்றால், பாதுகாப்புச் சாவியை உருவி, பேட்டரியைக் கழற்றி, 60 வினாடி காத்திருந்த பிறகே அருகில் போக வேண்டும். கொத்தில் இந்த விதிக்கு இரட்டை மதிப்பு. பறந்து திரும்பிய ராக்கெட்டிலும் பற்றாத மோட்டார் ஒன்று இருக்கக்கூடும்; மூன்று நாசில்களையும் பார்த்த பிறகே அதை மற்றவர் கையில் கொடுக்கலாம். மூன்று பாராசூட் மருந்துகள் ஒன்றாக வெடிப்பதால் உள்ளே சூடும் அழுத்தமும் மிகுதி. தீப்பிடிக்காத காப்புத் துணியும், வழக்கத்தைவிட நீளமான இழுவைக் கயிறும் தேவை. மூன்றில் ஒன்று வெடிக்காவிட்டாலும் மற்றவை பாராசூட்டைத் திறந்துவிடும் என்பது கொத்து தரும் நன்மை.

இந்தியாவில் இவற்றையெல்லாம் செய்ய நினைப்பவர் முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பொம்மைக் கடையில் கிடைக்கும் மோட்டார், இங்கே 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்கீழும் 2008-ஆம் ஆண்டு விதிகளின்கீழும் வரும் பொருள். நாக்பூரில் தலைமையகம் கொண்ட பெசோ அமைப்பு அந்த விதிகளைக் கவனிக்கிறது. உரிமம் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து தருவிப்பதும் தபாலில் அனுப்புவதும் குற்றம். ஏவுவதற்கு மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் வான்வெளிக்குப் பொறுப்பானவர்களும் ஒப்ப வேண்டும். ஆகவே தனிநபர் இதைத் தானாகச் செய்வதற்கு வழியில்லை என்றே கொள்ளலாம். நிறுவனங்கள் வழியாகச் செய்வதற்கு வழி திறந்திருக்கிறது. 2023 பிப்ரவரி 19 அன்று செங்கல்பட்டு மாவட்டம் பட்டிப்புலத்திலிருந்து, அப்துல் கலாம் பெயரில், பள்ளி மாணவர்கள் செய்த 150 சிறு செயற்கைக்கோள்களுடன் ஒரு கலப்பு எரிபொருள் ராக்கெட் ஏவப்பட்டது. 2024 ஆகஸ்ட் 24 அன்று திருவிடந்தையிலிருந்து ரூமி-1 என்ற ராக்கெட் பறந்தது. 2025 அக்டோபரில் விண்வெளித் துறையின் இன்-ஸ்பேஸ் அமைப்பு உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு மாதிரி ராக்கெட் போட்டியே நடத்தியது.

மருந்தில்லாமலே கற்கக்கூடியது இதில் மிகுதி. மூன்று டார்ச் பல்புகளையும் ஒரு பேட்டரியையும் கொண்டு, தொடர் இணைப்பில் ஒன்றைக் கழற்றினால் மற்றவை அணைவதையும் பக்க இணைப்பில் அணையாததையும் எட்டாம் வகுப்பு மாணவர் செய்து பார்க்கலாம். காகிதக் குழலில் மோட்டாருக்குப் பதில் அதே எடையுள்ள மணல் பொட்டலங்களை வைத்து, நூல் கட்டிச் சுழற்றி நிலைத்தன்மையைச் சோதிக்கலாம். தண்ணீரும் காற்றழுத்தமும் கொண்டு இயங்கும் பாட்டில் ராக்கெட்டை ஆசிரியர் மேற்பார்வையில் பள்ளித் திடலிலேயே பறக்கவிடலாம். மூன்று பாட்டில்களைக் கொத்தாகக் கட்டினால், மூன்று மூடிகளையும் ஒரே கணத்தில் விடுவிப்பது எவ்வளவு கடினம் என்பது உடனே புரிந்துவிடும். சிறிதாகத் தொடங்குவதில் குறைவொன்றுமில்லை: இந்தியா தானே செய்து 1967 நவம்பர் 20 அன்று தும்பாவில் ஏவிய முதல் ராக்கெட்டான ஆர்.எச்.-75, வெறும் 75 மி.மீ. விட்டம் கொண்டது. கடலூர் மாவட்டத்துப் பள்ளிகளின் அறிவியல் மன்றங்கள் பல்பும் பாட்டிலும் கொண்ட இந்தச் சோதனைகளை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.